பென்சிலில் எழுதிய பிழைகள்

தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த முதல் மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பட்டியல் வரும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். சில விநாடிகளுக்குள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் கணினி தானாக ஒன்றைத் திறந்துகொள்ளும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அடுத்த வருஷம் திருவாரூரில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வந்த பிள்ளைகளின் கணினிகளில், தானாகத் திறப்பது லினக்ஸாக இருக்கும்படி ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றிவைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊரோடு வந்துவிட்டேன். 2012 டெல்டாவுக்குப் பொல்லாத வருஷம். ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். குறுவை இல்லை. சம்பாவை நம்பி விதைத்தவர்கள் தண்ணீருக்காக வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு மின்வெட்டு. சென்னைக்கு வெளியே அந்த ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் கிடையாது. லேப்டாப்பின் வெளிச்சத்திலேயே புத்தகத்தை விரித்துவைத்துப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வடக்கு வீதிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீடு. சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலர், புலிவலம், அம்மையப்பன் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சிலர். காசு வாங்கவில்லை. என்ன சொல்லிக்கொடுப்பது என்பதை மட்டும் நானே முடிவு செய்தேன். பைத்தான் நிரல்மொழி.

அந்த முடிவுக்குப் பின்னால் பல வருஷப் படிப்பு இருந்தது. 2005-ல் நிக்கோலஸ் நெக்ரோபான்டே நூறு டாலர் மடிக்கணினி என்று அறிவித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 2007-ல் அது எக்ஸ்ஓ என்ற பெயரில் பச்சையும் வெள்ளையுமாக வெளிவந்தது. விலை நூறு டாலருக்கு வரவே இல்லை, கிட்டத்தட்ட இரட்டிப்பாக நின்றது. இருந்தாலும் அதற்குள் என்ன வைப்பது என்று பெரிய பெரிய ஆட்கள் யோசித்திருந்தார்கள். அதில் இருந்த சுகர் என்ற சூழலைப் பைத்தானில் எழுதினார்கள். ஆலன் கேயின் குழு உருவாக்கிய ஈடாய்ஸும் அதில் இருந்தது. ஆமையை நகர்த்திப் படம் வரையும் செயலியும் இருந்தது. அதற்கு மூலமானது 1960-களில் சீமோர் பேப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபியூர்சைக்கும் உருவாக்கிய லோகோ. எக்ஸ்ஓ விசைப்பலகையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் உள்வரிகளைத் திறந்து காட்டுவதற்கென்றே ஒரு விசை வைத்திருந்தார்கள். குழந்தை எதைப் பார்த்தாலும் அதற்கு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பது அதன் கருத்து. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம், நிரல் எழுதுவது எல்லோருக்கும் வாய்க்க வேண்டும் என்று 1999-லேயே ஒரு திட்டம் எழுதியவர். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, நம் ஊர்ப் பிள்ளை கையிலும் கணினி வந்துவிட்டது, அதிலும் லினக்ஸ் இருக்கிறது, பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பொய்யில்லை. இன்றைக்கும் அது பொய்யென்று தோன்றவில்லை.

பள்ளியில் அப்போது பிளஸ் டூ கணினி அறிவியலுக்கு ஸ்டார் ஆபீஸும் சி++ மொழியும். அந்த சி++ பழைய சி++. அந்த மொழிக்கு 1998-லேயே உலகத் தரநிலை வந்துவிட்டது. பாடப்புத்தகமோ அதற்கு முந்திய வழக்கத்தில், முதல் வரியில் ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்றும், பிறகு ‘வாய்ட் மெயின்’ என்றும் எழுதச் சொன்னது. பள்ளி ஆய்வகங்களில் நீலத்திரை டர்போ சி++. 1990-களின் ஆரம்பத்தில் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்டது. அதில் புத்தகத்து நிரல் சரியாக ஓடும். அதே நிரலை லினக்ஸில் அடித்தால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும்.

பிள்ளைகள் அதைக் கொண்டுவந்து காட்டியபோது, “புத்தகம் பழசு. உலகத்துல இப்ப யாரும் இப்படி எழுதறதில்ல” என்றேன். ‘டாட் ஹெச்’ போடாதே, ‘யூசிங் நேம்ஸ்பேஸ்’ என்று ஒரு வரி சேர், ‘வாய்ட்’ வேண்டாம், ‘இன்ட்’ போடு என்று திருத்திக் கொடுத்தேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பிறகு அதையும் ஒதுக்கிவிட்டு, இதையே பைத்தானில் எழுதினால் பார் என்று ஒரே வரியில் எழுதிக் காட்டுவேன். கரும்பலகையில் இடப்பக்கம் சி++, வலப்பக்கம் பைத்தான். வலப்பக்கம் எப்போதும் சின்னதாக, சுத்தமாக இருக்கும். பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவேன்.

அவர்களுடைய கணினி ஆசிரியையை நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் சைக்கிளில் போகிற தூரம்தான்.

அம்மையப்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி ஐந்தாவது படிக்கிற தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவாள். அப்பா குத்தகை விவசாயி. அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் நான் கேட்காத ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கியிருந்தாள். குத்தகை நெல்லுக்கு அவர்கள் வீட்டில் இன்னமும் கலம், மரக்கால் கணக்கு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கொள்முதல் நிலையத்திலோ கிலோ, குவிண்டால். இரண்டுக்கும் நடுவே அவளுடைய அப்பா ஒவ்வொரு அறுவடைக்கும் சிரமப்படுவார். இதிலிருந்து அதற்கு மாற்றித்தர ஒரு நிரல் எழுத வேண்டும், அது கேள்வியைத் தமிழில் கேட்க வேண்டும், அப்பா தானே படித்து எண்ணை அடிக்க வேண்டும். அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பைத்தானில் தமிழ் வரும் என்று அங்கேயே முனையத்தைத் திறந்து ‘கலம்’ என்று அடித்துக் காட்டினேன். வந்தது. “போய் எழுதிட்டு வாம்மா” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு வரவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு மோசமாகிக்கொண்டிருந்தது. வகுப்பு அடிக்கடி தள்ளிப்போனது. மார்கழி வாக்கில் சில பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். பரீட்சை நெருங்குகிறது, நிற்பார்கள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மொத்தம் 200-ல் அதற்கு 50 மதிப்பெண். அவளுக்கு வந்த கேள்வி சாதாரணமானது. புத்தகத்தில் இருக்கிற நிரல். பள்ளி ஆய்வகத்தில் டர்போ சி++. அவள் முதல் வரியில் ‘டாட் ஹெச்’ இல்லாமல் அடித்தாள். கோப்பைத் திறக்க முடியவில்லை என்றது. சேர்த்து அடித்தாள். அடுத்து ‘யூசிங் நேம்ஸ்பேஸ்’ வரியில் நின்றது. டர்போ சி++ வந்த காலத்தில் அந்த வசதியே கிடையாது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான் அதை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருந்தேன். வேறெங்கோ தப்பு இருக்கிறது என்று கீழே உள்ள வரிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உதவ முடியாது. நேரம் முடிந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. கூடப் படித்த பையன் ஒருவன் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னான். அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய அப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். “வாங்க தம்பி” என்று எழுந்து இடம் கொடுத்தார். பயிரைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம், பேச அதிகம் இல்லை. அவள் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. லேப்டாப் எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். அது வந்த அட்டைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார்கள். பெட்டியோடு ஒரு நோட்டையும் எடுத்து வந்தான். “அக்கா உங்ககிட்ட கேக்கணும்னு எழுதி வெச்சிருந்துச்சு சார்.”

சாதாரணக் கோடு போட்ட நோட்டு. பிரித்தேன்.

பென்சிலில், அச்சு மாதிரி கையெழுத்தில், கணினி திரையில் காட்டிய பிழைச் செய்திகள். ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில், எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி. கோப்பு இல்லை என்ற செய்தி. வரி உள்ளே தள்ளியிருப்பது பொருந்தவில்லை என்ற பைத்தான் செய்தி, அதுவே திரும்பத் திரும்ப, வேறு வேறு வரி எண்ணோடு. சில இடங்களில் பக்கத்தில் அகராதி பார்த்துத் தமிழில் அர்த்தம் எழுதிப் பிறகு அடித்திருந்தாள். பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவையே வந்தன. கரண்ட் இல்லாத இரவுகளில், பேட்டரி தீர்வதற்குள் திரையைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

நடுப்பக்கம் ஒன்றில் நின்றுவிட்டேன். நெல் கணக்கு நிரல். முதல் வரியில் தமிழில் ஒரு கேள்வி. கீழே அதற்குக் கணினி சொன்ன பதில். ஆஸ்கி அல்லாத எழுத்து இருக்கிறது, குறியேற்றம் அறிவிக்கப்படவில்லை, விவரங்களுக்கு இந்த முகவரியைப் பாருங்கள் என்று சொல்லி ஒரு இணைய முகவரி. அந்த முகவரியையும் முழுதாக எழுதியிருந்தாள், சாய்கோடு, புள்ளி எதுவும் விடாமல். அவர்கள் வீட்டில் இணையம் கிடையாது. அந்தத் தெருவிலேயே கிடையாது.

அன்றைக்கு லினக்ஸில் இருந்தது பைத்தான் 2. முனையத்தில் நேரடியாக அடித்தால் தமிழ் வரும். கோப்பில் எழுதி ஓட்டினால், மேலே குறியேற்றம் இன்னதென்று ஒரு வரி அறிவிக்காதவரை ஓடாது. சார் அடித்தபோது வந்தது, தான் அடித்தால் வரவில்லை. அவள் வேறு என்ன நினைத்திருப்பாள்? அந்த ஒரு வரி எனக்குத் தெரியாததா? வேலையில் தினமும் கை தானாக அடிக்கிற வரி. அது ஒரு வரி என்பதே எனக்கு நினைவில் இல்லை. பைத்தான் 3-ல் அதற்கும் தேவையில்லை. அது 2008 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பிள்ளைகளின் கணினிகளில் அதை நிறுவிக் கொடுத்திருக்கலாம். தானாகத் திறப்பது எது என்று மாற்றிவைக்க நேரம் இருந்த எனக்கு, அதற்கு நேரம் இல்லாமல் இல்லை.

ஏன் கேட்கவில்லை என்று அவளைக் கேட்க வாய் வரவில்லை, காரணம் எனக்கே நினைவுக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஒரு நாள் ஒரு பையன், “சார், எரர் வருது” என்றபோது, “மெசேஜப் படி, அதுலயே எல்லாம் எழுதியிருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தன் காலில் நிற்கப் பழக்குகிறேன் என்று நினைத்தேன். அவள் அதைத் திண்ணையின் கோடியில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். அதன்படிதான் செய்திருக்கிறாள். செய்தியைப் படித்தாள். எழுதியும் வைத்தாள்.

கரும்பலகையில் இடமும் வலமுமாக நான் ஒப்பிட்டதெல்லாம் ஓடுகிற நிரல்களை. ஓடாத நிரல்களை ஒருபோதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அந்தப் பெண் இருந்தது முழுக்க ஓடாத நிரல்களோடு.

நோட்டை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து, “வேணாம் சார்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “கம்ப்யூட்டர் எனக்கு வராது சார். விட்ருங்க.” கணினி அறிவியலுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று ஆவணியில் சொல்லிக்கொண்டிருந்தவள், அதற்குப் போடாமல் பி.காம். சேர்ந்தாள். பி.காம். குறைந்த படிப்பில்லை. ஆனால் அவள் அதைத் தேடிப் போகவில்லை, இதிலிருந்து விலகிப் போனாள். நான் அதற்கு வழி போட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சித்திரையில் அப்பா போய்விட்டார். திண்ணை வகுப்பும் நின்றது. 2013-ல் முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழி திறமூலமாக வந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்று கட்டளைகளே தமிழில். அதையும் பைத்தானின் மேல்தான் கட்டியிருந்தார்கள். பார்த்ததும் பழைய உற்சாகம் அப்படியே கிளம்பியது. இதையே முதலில் சொல்லிக்கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஒரு வாரம் நண்பர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. மறுபடியும் பிள்ளைகள் இல்லாத அறையில் உட்கார்ந்து மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். எழில் மேல் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுகிறேன். ஆனால் பிளஸ் டூ பிள்ளை ஆய்வகத்தில் எந்தத் திரையின் முன் உட்காரப் போகிறது என்பதை விசாரிக்காமல் இப்போது எதையும் தொடங்குவதில்லை.

2018-ல் தமிழகப் பாடத்திட்டம் மாறத் தொடங்கியது. பிளஸ் ஒன்னில் புதிய வழக்கத்தில் சி++. 2019-20-ல் பிளஸ் டூவுக்குப் பைத்தான் 3. தமிழ்வழிப் புத்தகமும் வந்தது. நான் திண்ணையில் அடித்துப் பேசியதெல்லாம் அரசுப் பாடநூலில் அச்சாகி வந்திருந்தது. புத்தகத்தை என் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அந்தத் தம்பி. கணினி அறிவியல் எடுத்திருந்தான். “அக்காதான் உங்ககிட்டப் போகச் சொல்லுச்சு” என்றான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறாள். டேலி தண்ணீர் பட்ட பாடு என்று தம்பி சொன்னான். நான் மடிக்கணினியைத் திறந்து, பைத்தான் 3-ல் அந்த நெல் கணக்கை, முதல் வரியில் தமிழ்க் கேள்வியோடு, கோப்பில் எழுதி ஓட்டிக் காட்டினேன். ஓடியது. அன்றைக்கு ஏன் ஓடவில்லை என்பதையும், தேர்வில் அந்த ஒரு வரி ஏன் நின்றது என்பதையும் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப அது என் தப்பு இல்லையா சார்?”

“இல்லம்மா. என் தப்பு.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, கலத்தோடு மூட்டைக் கணக்கையும் சேர்க்க வேண்டும் என்று வேறு ஒரு வரி எழுத ஆரம்பித்தாள். மேற்கோள் குறியை மூடாமல் விட்டுவிட்டாள். பிழை வந்தது. மூன்று பேருமாக உட்கார்ந்து அதைப் படித்தோம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. எந்தப் பிராசசர், எத்தனை ஜிபி என்றெல்லாம் எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். 2021-ல் வந்த பைத்தான் 3.10-ல் பிழைச் செய்திகளை நிறையச் செம்மைப்படுத்தினார்கள். மேற்கோளை எங்கே மூட மறந்தாய், எந்தப் பெயரைத் தப்பாக அடித்திருக்கக்கூடும் என்று இப்போது அதுவே சொல்கிறது. ஆங்கிலத்தில்தான் சொல்கிறது, ஆனாலும் ஒரு பிள்ளைக்கு அது பெரிய வித்தியாசம். விலை குறைந்த கணினியில் எந்தப் பதிப்பை ஏற்றிக் கொடுக்கிறோம் என்பதில் இதுவும் இருக்கிறது. ஆனால் கொள்முதல் பட்டியலில் இதற்கு ஒரு கட்டம் இருந்து நான் பார்த்ததில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் மீண்டும் வகுப்பு நடக்கிறது. தொடங்குமுன் பிள்ளைகள் படிக்கிற பள்ளியின் கணினி ஆசிரியர்களிடம் போய், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று எழுதி வாங்கி வந்தேன். தம்பியும் நானுமாக, பிளஸ் டூ பிள்ளைக்கு வரக்கூடிய பிழைச் செய்திகளைத் தமிழ் விளக்கத்தோடு தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறோம். அக்காவின் நோட்டிலிருந்துதான் பட்டியலைத் தொடங்கினோம். அதை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். பல பிழைகள் பைத்தான் 3-ல் இல்லாமல் போய்விட்டன. முதல் தாளில் இருப்பது வரியை உள்ளே தள்ளுவதில் வருகிற பிழை. ஒரு வரியில் இடைவெளி விசையும் அடுத்த வரியில் டேப் விசையும் அடித்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினி ஏற்காது. எல்லாப் பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வது அதில்தான்.